வாசகர் கேள்வி – பதில்: மலைச்சாலையில் ஓர் ஆய்வுக் கேள்வி

கேள்வி: கோயம்புத்தூரில் எம்.இ. ஆட்டோமொபைல் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எதிர்கால வாகனத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற விரும்புகிறேன். "படித்தது போதும், வேலைக்குப் போ" என்கிறார் அரசுப் பேருந்து ஓட்டுநரான அப்பா. ஆய்வை இங்கேயே செய்வதா, வெளிநாடு செல்வதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எங்கே செய்வது என்பதை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு, எதைச் செய்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'மின்வாகனங்கள் பற்றி ஆராய விருப்பம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்தப் பேராசிரியரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

உங்கள் அப்பா இறங்கும் சாலையிலேயே நல்ல கேள்வி ஒன்று கிடக்கிறது. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு 1,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,500 கிலோ எடையுள்ள மின்கார் ஒன்று அந்த உயரத்தை இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சக்கரங்களின் உருளல் தடை, காற்றுத்தடை, மோட்டாரில் ஏற்படும் இழப்பு ஆகியவை போக மிஞ்சுவதை, மோட்டாரையே மின்னாக்கியாக இயங்கவைத்து, பேட்டரிக்குத் திருப்பலாம். ஆனால், கோத்தகிரியிலேயே முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வண்டியின் பேட்டரியில் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் ஏது? மோட்டார் வழியாகக் கிடைக்கும் வேகத்தடுப்பு குறைந்து, சுமையின் பெரும்பகுதி சக்கர பிரேக்குகளின் மேல் விழுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதை அப்பாவிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடநூலிலும் அவ்வளவு தெளிவாக இராது.

உதகையில் உறைபனி விழும் மார்கழிக் காலையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கடுங்குளிரில் லித்தியம் அயனி பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே, வரவிருக்கும் இறக்கத்தையும் குளிரையும் பயணிகளின் எடையையும் முன்கூட்டியே கணித்து, எத்தனை விழுக்காட்டில் சார்ஜை நிறுத்துவது, எந்த வளைவில் மோட்டாரும் பிரேக்கும் எவ்வளவு பங்கு ஏற்பது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு முறை வேண்டும். இயந்திரவியல், மின்னியல், மென்பொருள் மூன்றும் சந்திக்கும் இடம் இது. முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது இடத்துக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியல் வடிவமைப்புத் துறையையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஆட்டோமொபைல் துறையையும் முதலில் பாருங்கள். வழிகாட்டியின் பெயரைவிட, அவருடைய ஆய்வகத்தில் மோட்டாரின் திறனை அளக்கும் டைனமோமீட்டரும் பேட்டரி சோதனைக் கருவியும் மாணவர் கைக்கு எட்டுகின்றனவா என்று அங்கே படிப்பவர்களிடம் விசாரியுங்கள். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என்பதை அப்பாவிடம் சொன்னால் பாதிப் பேச்சு அடங்கும்.

பிரிட்டனில் முனைவர் பயிற்சி மையங்கள் என்ற ஏற்பாடு உண்டு. பல துறை மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, பொதுப் பயிற்சியும் தொழில்துறைத் தொடர்பும் பெற்று, பெரும்பாலும் நான்காண்டுகளில் ஆய்வை முடிக்கிறார்கள். ஆனால் அரசு நிதியில் வெளிநாட்டினருக்கான இடங்கள் குறைவு. பல நாட்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ கியூரி முனைவர் வலையமைப்புகள் உங்களுக்கு இன்னும் பொருந்தும்: அங்கே ஆய்வாளர் சம்பளம் பெறும் பணியாளர். முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், ஆய்வு செய்யப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை கோத்தகிரிக்காரருக்குத் தடையே அல்ல. இங்கும் வெளிநாட்டிலும் விண்ணப்பியுங்கள். முழு உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி மட்டும் போக வேண்டாம்.

கேள்வி: பி.இ. மட்டும் முடித்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எம்.இ. இல்லாமல் நேரே ஆய்வில் சேர முடியுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: முடியும். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதி உண்டு என்கின்றன 2022-இல் வந்த யு.ஜி.சி. விதிமுறைகள், ஆனால் நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் விதியையும் படித்துவிடுங்கள். அதே விதிமுறைகள் பகுதிநேர ஆய்வையும் அனுமதிக்கின்றன. அதற்கு வேலை தரும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும் என்பதால், மேலாளரிடம் இப்போதே பேசிவையுங்கள்.