கேள்வி பதில்: கவருக்குள்ள தூங்குற கார்

கேள்வி: சார், எனக்கு 46 வயசு, கோயம்புத்தூர்ல சின்னதா பம்ப்செட் யூனிட் வச்சிருக்கேன். அஞ்சு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 வாங்குனேன், மெட்டல் ரூஃப் மடங்கி உள்ள போற மாடல். சின்ன வயசுலேர்ந்து ஆசை. ஆனா போன வருஷம் பூரா ஓட்டுனது 400 கிலோமீட்டர் கூட இல்ல. ஆறு நாள் யூனிட், ஞாயித்துக்கிழமை ஆனா கல்யாணம், காதுகுத்து. சனிக்கிழமை சாயங்காலம் கவரை எடுத்துட்டு பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, தொடைச்சு, மறுபடி மூடிடுவேன். ரெண்டே சீட்டு, வீட்ல நாலு பேரு, எடுத்தாலே மனசு உறுத்துது. வீட்டம்மா வித்துடுங்கன்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?
பெயர் வேண்டாம், கோவை

பதில்: மொதல்ல அந்த சனிக்கிழமை பத்து நிமிஷத்தை நிறுத்துங்க. நல்லது பண்றதா நெனச்சு கெடுதல் பண்றீங்க. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் சேர்ந்துதான் வரும், இன்ஜின் முழுசா சூடாகலன்னா அது ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கிடும், அப்புறம் உள்ளேர்ந்து துரு. ஸ்டார்ட் பண்ண செலவான பேட்டரி சார்ஜும் ஐட்லிங்ல சரியா திரும்பி ஏறாது. கூலன்ட் தண்ணி சூடானாலே இன்ஜின் முழுசா சூடாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லீங்க, ஆயில் சூடாக இன்னும் நேரம் புடிக்கும். அரைமணி நேரம் ரோட்ல ஓடணும், இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

இப்ப நேரத்துக்கு வருவோம். உங்களுக்கு நேரம் இல்லன்னு நான் நம்பல. ஊட்டி, கொச்சின்னு பெரிய டிரிப்பா பிளான் பண்ணிப் பண்ணி தள்ளிப்போட்டுட்டு இருக்கீங்கன்னுதான் தோணுது. அதெல்லாம் வேண்டாம். ஊட்டிக்கு 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வேற வேணும், லீவு நாள்ல போனா பர்லியாறு பக்கம் பஸ்ஸுக்குப் பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துட்டு இருப்பீங்க, அதுக்கா இந்தக் காரு?

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு கிளம்புங்க. பொள்ளாச்சி ரோடு. ஈச்சனாரி தாண்டுற வரைக்கும் மெதுவா போனா ஆயில் சூடாயிடும், ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஓரமா நிறுத்தி ரூஃபை இறக்குங்க, இருபது செகண்டுதான். கிணத்துக்கடவுலேர்ந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வரும் பாருங்க, அதுவும் ஆனி ஆடில அந்தக் காத்து தலைமேல நேரா அடிக்கறப்ப, அதுக்குத்தாங்க இந்த மாதிரி கார் வாங்குறதே. பொள்ளாச்சி தோராயமா 40 கிலோமீட்டர், போய் ஒரு டீ, எட்டு எட்டரைக்குள்ள வீட்ல இருப்பீங்க. காதுகுத்துக்கு பத்து மணிக்குப் போனா போதும்ல? மாசம் ஒருதடவை ஆழியார் வரைக்கும் நீட்டிக்கலாம். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவையும் ஆசைக்கு ஒருதடவை ஏறிப் பாருங்க, ஆனா மழை விட்டதுக்கு அப்புறம், ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு. ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏறாம கொஞ்சம் சாய்ச்சு ஏத்துங்க, அடி தட்டாது.

ரெண்டு சீட்டு விஷயம். இதைத்தான் நீங்க தலைகீழா பாக்குறீங்கன்னு நெனக்கிறேன். வீட்ல மத்த மூணு பேரையும் சேர்த்து ஏத்த முடியாது, சரி, அப்ப வாரத்துக்கு ஒருத்தர். ஒரு வாரம் பெரிய குழந்தை, ஒரு வாரம் சின்னது, ஒரு வாரம் வீட்டம்மா, நாலாவது வாரம் நீங்க மட்டும் தனியா. பெரிய வண்டில நாலு பேரும் போனா ஆளுக்கு ஒரு போனைப் பாத்துட்டு வருவாங்க. இதுல பக்கத்துல உக்காந்தா பேசித்தான் ஆகணும், பின்சீட்டே கிடையாதே. குழந்தைங்க சீட்பெல்ட் சரியா உக்கார்ற உயரத்துக்கு வந்துட்டாங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க. சாப்பாட்டுக் கூடையெல்லாம் கட்டாதீங்க, ரூஃப் உள்ள போயிட்டா டிக்கில 180 லிட்டர்தான் மிச்சம்!

மத்தது சுருக்கமா. ஷெட்ல பிளக் பாயின்ட் இருந்தா தானா கட் ஆகுற பேட்டரி மெயின்டெய்னர் மாட்டி விட்ருங்க. டயர்ல பட்டன் எவ்ளோ இருக்குன்னு பாத்து ஏமாறாதீங்க, ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2318ன்னா 2018ல 23வது வாரம், அவ்ளோ பழசுன்னா ரப்பர் கல்லாயிருக்கும், மாத்திடுங்க. உங்க வண்டி ரன்ஃபிளாட் டயரோட வந்தது, அதாவது பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர், ஸ்டெப்னி கிடையாது, வேற டயர் போட்டிருந்தா பஞ்சர் கிட்டும் காத்தடிக்கிற மெஷினும் வண்டில இருக்கணும். இன்ஜின் ஆயில் கிலோமீட்டர் பாக்காம வருஷம் ஒருக்கா, பிரேக் ஃபுளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாசக்கணக்குல டேங்க்ல கிடக்க விடாதீங்க. அப்புறம் எலி. நானே ஒரு பழைய வண்டியை மூணு மாசம் கவர் போட்டு பத்திரமா வச்சிருந்தேன், தொறந்தா ஏர் ஃபில்டருக்குள்ள குடும்பமே நடத்திட்டு இருந்துச்சுங்க.

விக்கணுமான்னா, நாலு ஞாயித்துக்கிழமை இதைப் பண்ணிப் பாருங்க. நாலாவது வாரம், தனியா போற வாரம், அலாரம் அடிக்கறப்ப நீங்களே அமுத்திட்டு திரும்பிப் படுத்தீங்கன்னா வீட்டம்மா சொல்றதுதான் சரி, வித்துடுங்க.

கேள்வி: எங்கிட்டயும் எப்பவாச்சும் எடுக்குற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. ரோட்ல பயமா இருக்கு, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டலாமா?
வாசகர், சென்னை

பதில்: தாராளமா. பொதுமக்கள் ஓட்டுறதுக்குன்னு டிராக் டே நடத்துறப்ப காசு கட்டிட்டுப் போலாம். ஒரு காலத்துல சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்தப்ப சும்மா வேலி ஓரம் நின்னு பாத்தவங்கதான் நாங்கெல்லாம், உங்களுக்கு 3.7 கிலோமீட்டர் சர்க்யூட்டே இருக்கு. ஆனா ஒண்ணு, சாதாரண கார் இன்சூரன்ஸ் ரேஸுக்கும் ஸ்பீட் டெஸ்டுக்கும் செல்லாது, சுவத்துல இடிச்சா செலவு உங்களோடது. புது பிரேக் ஃபுளூயிட் போட்டுட்டு, ஹெல்மெட் எடுத்துட்டுப் போங்க. அஞ்சாறு ரவுண்டு போனதும் பிரேக் மெதுமெதுன்னு இறங்க ஆரம்பிக்கும், அப்ப இன்னும் ஒரே ஒரு ரவுண்டுன்னு ஆசைப்படாம உள்ள வந்துடுங்க.