விமானப் பராமரிப்புப் படிப்புக்கு முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: மகன் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துத் தேறியிருக்கிறான். விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆக ஆசைப்படுகிறான். அகில இந்திய நுழைவுத் தேர்வில் அவன் ரேங்க் வாங்கிவிட்டான், ஒரு வாரத்துக்குள் ஒன்றரை லட்சம் கட்டினால் இடம் உறுதி, படிப்பு முடிந்ததும் லைசென்ஸ், ஏர்பஸ் டைப் ரேட்டிங், வேலை மூன்றும் கிடைக்கும் என்கிறார் ஓர் ஏஜென்ட். விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் மெக்கானிக்காக இருக்கும் என் அண்ணன் மகனோ, பயிற்சிப் பள்ளியே வேண்டாம், நேராகத் தேர்வு எழுதலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? — கரூர் வாசகர்

பதில்: அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள்.

பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் அதைக் கொடுப்பது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் மட்டும்தான். பள்ளி கொடுப்பது படிப்பு முடித்த சான்றிதழ். லைசென்ஸுக்கு மாட்யூல் எனப்படும் தாள்களை டிஜிசிஏவிடம் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். கணிதத்தில் தொடங்கி ஜெட் எஞ்சின், விமானச் சட்டம் வரை போகும். படிப்பை முடித்துவிட்டு, சில தாள்கள் நிலுவையில் நிற்க, வருடக்கணக்காக உதவியாளராகவே இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் இவர்களைப் பற்றிப் பேச மாட்டார்.

அந்த நுழைவுத் தேர்வு தனியார் நடத்துவது. டிஜிசிஏ இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எதுவும் நடத்துவதில்லை. ரேங்க் என்ற பெயரில் உங்கள் வீட்டு போன் நம்பர் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏஜென்டுக்குக் கமிஷன் பள்ளியிலிருந்து வரும். அதனால் எந்தப் பள்ளி அதிகம் தருகிறதோ அதுதான் அவருக்கு நல்ல பள்ளி.

நீங்களே நேரில் போய், பயிற்சிப் பள்ளிகளுக்கான சிஏஆர் 147 விதிப்படி டிஜிசிஏ கொடுத்த அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எந்தப் பிரிவுக்குக் கொடுத்தது என்ற இரண்டையும் பாருங்கள். பி1.1 என்றால் ஜெட் போன்ற டர்பைன் எஞ்சின் விமானங்களின் உடல், எஞ்சின் வேலை. பி2 என்றால் மின்னணுக் கருவிகள். பி1.3 ஹெலிகாப்டருக்கு. ஒரு பிரிவுக்கு அனுமதி வைத்துக்கொண்டு இன்னொரு பிரிவுக்கும் ஆள் சேர்ப்பது நடக்கிறது. அனுமதி பெற்ற பள்ளிகளின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் கரூரில் இருக்கும் ஒரு தகப்பனார் அதைத் தேடி எடுத்து, அந்த ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வது லேசில்லை. அதைத் தமிழில், முதல் பக்கத்தில் போட்டால் பாதி ஏஜென்டுகள் கடையை மூடிவிடுவார்கள். ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஏரோநாட்டிக்கல் பி.இ. படிப்பை இதே படிப்பு என்று சொல்லிச் சேர்ப்பவர்களும் உண்டு. அது வடிவமைப்புப் பக்கம் போகும் பட்டம். அதை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது.

உங்கள் அண்ணன் மகன் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவருக்குப் பொருந்தும் வழி. பள்ளியில் படிக்காமலும் மாட்யூல் தாள்களை எழுதலாம். அப்படி எழுதினால் அனுபவக் காலம் நீளும். அங்கீகரித்த படிப்பை முடித்தவருக்கு பி1.1 லைசென்ஸுக்கு 2 ஆண்டு அனுபவம் போதும்; தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாமல் வருபவருக்கு 5 ஆண்டு. அந்த அனுபவமும் சேவையில் இருக்கும் விமானங்களில் பராமரிப்பு வேலை செய்து பெற்றதாக இருக்க வேண்டும். பெட்டி ஏற்றுவது, விமானத்தை இழுத்து நிறுத்துவது எல்லாம் இதில் சேராது. என்ன வேலை, எந்த விமானம், என்று செய்தது என்று லாக்புக்கில் எழுதி, மேற்பார்த்த பொறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் அண்ணன் மகன் ஏற்கெனவே ஹேங்கருக்குள் இருப்பதால் வேலையும் பார்த்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு தேர்வும் எழுதலாம். இன்றிலிருந்தே லாக்புக்கை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய வேலைகளுக்கான கையெழுத்தைப் பின்னால் கேட்டு அலைந்தால் கிடைக்காது. பிளஸ் டூ முடித்த உங்கள் மகனை எந்த ஹேங்கர் உள்ளே விடும்? அவனுக்குப் பள்ளி வேண்டும்.

பள்ளியில் படித்தவனுக்கும் அந்த 2 ஆண்டு அனுபவம்தான் தலைவலி. அதைக் கேட்கிறது விதி. எங்கே போய் வாங்குவது என்று சொல்வதில்லை. படிக்கும்போது செய்முறைப் பயிற்சிக்கு எந்தப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள், எத்தனை மாதம் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். முற்றத்தில் நிற்கும் பழைய விமானத்தைக் காட்டி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். போன வருடம் படித்து முடித்தவர்களில் நாலு பேரின் போன் நம்பர் வாங்கி, எத்தனை தாள் தேறினீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று நீங்களே பேசுங்கள்.

டைப் ரேட்டிங்குக்கு இப்போது ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட விமானத்தில், குறிப்பிட்ட எஞ்சினோடு கையெழுத்துப் போடும் தகுதி அது. லைசென்ஸ் இருந்தால்தான் இந்தத் தகுதியை அதில் பதிய முடியும். முதல் டைப்புக்கு வகுப்பு மட்டும் போதாது, உண்மையான விமானத்தில் மேற்பார்வையோடு செய்யும் பணியிடைப் பயிற்சியும் வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 ஆண்டுக்குள் அந்தப் பயிற்சியைத் தொடங்கி முடித்திருக்கவும் வேண்டும். லைசென்ஸ் வருமுன்னே பல லட்சம் கொட்டி வகுப்பை மட்டும் முடித்தவர்களுக்குக் காலக்கெடு தாண்டிப்போய்ப் பணம் வீணாகிறது. வேலையில் சேர்ந்தபின் பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு தாங்களே இந்தப் பயிற்சிக்கு அனுப்புகின்றன.

சேர்ப்பதாக முடிவு செய்தால், கட்டணத்தைப் பள்ளியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி, பள்ளியின் பெயரில் ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.