கேள்வி – பதில்: சோளகக் காலத்து விடுமுறையில் மாயக் கதைகளும் பாட்டுப் படங்களும்

கேள்வி: தரம் 9 இல் படிக்கும் என் மகள், ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து மாயக் கதை நாவல்களையும் பாட்டு நிறைந்த ஆங்கிலப் படங்களையும் விட்டு எழும்புவதேயில்லை. இல்லாத உலகத்தைப் பற்றி வாசித்துப் பிள்ளை காலத்தை வீணாக்குகிறது என்று அவளுடைய அப்பா கோபிக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: வாசிக்க விடுங்கள், அம்மா. பத்து மணிக்கே முற்றத்து மணல் காலைச் சுட, சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் இந்த மாதத்தில், ஒரு பிள்ளை வேப்பமர நிழலில் புத்தகத்தோடு இருப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். இல்லாத உலகம் என்பதால் அங்கே நினைத்ததெல்லாம் நடந்துவிடும் என்று உங்கள் கணவர் எண்ணுகிறார் போலும். நல்ல மாயக் கதை அப்படி இருப்பதில்லை. அர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய எர்த்சீ நாவலில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் மந்திரம் பலிக்கும். அந்தப் பெயர்களைக் கற்பதற்காக மாணவர்கள் தனிக் கோபுரம் ஒன்றில் இருந்து, நம் பிள்ளைகள் வாய்பாடு படிப்பதைப் போலப் பட்டியல் பட்டியலாக மனனம் செய்கிறார்கள். கர்வத்தால் அளவு மீறி மந்திரம் செய்யும் இளைஞன், தானே வெளியில் விட்ட ஒரு நிழலுக்கு அஞ்சித் தீவு தீவாக அலைகிறான். செய்ததன் விளைவைச் செய்தவனே சுமக்க வேண்டும் என்பதை ஒரு பிள்ளைக்கு இதைவிட மனதில் பதியும்படி சொல்வது கடினம்.

அவளுடைய அப்பாவும் சிறு வயதில் கோயில் முற்றத்தில் பாயை விரித்து, விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்தவராகத்தான் இருப்பார். காத்தான் கழுமரம் ஏறும் கட்டத்தில் எத்தனை பேருடைய கண் கலங்கியது என்பதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். மகளின் கண்ணும் இன்று அதே காரணத்தினால்தான் கலங்குகிறது.

படங்களைக் கைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்க விடாதீர்கள். வெயில் தணிந்த பிறகு வீட்டார் எல்லாரும் கூடி, ஒரே இருப்பில் பாருங்கள்.

கேள்வி: தமிழ்ப் படப் பாட்டுகள் எனக்கு உயிர். ஆனால் ஆங்கிலப் பாட்டுப் படங்களில், கதைத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பாடத் தொடங்குவது செயற்கையாகத் தெரிகிறது. அவற்றை எப்படி ரசிப்பது?
– உயர்தர மாணவன், நெடுங்கேணி

பதில்: நம் படங்களில் பல பாட்டுகளைக் கதையிலிருந்து கழற்றி எடுத்து வானொலியில் தனியே கேட்கலாம், கதைக்கு ஒன்றும் குறையாது. பாட்டுப் படத்தில் அப்படி முடியாது. பேச்சு முட்டுப்பட்டு நிற்கும் இடத்தில் பாட்டு தொடங்கும். அது முடியும்போது பாடியவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார், அல்லது ஓர் ஆசை முதல் முறையாக வாய்விட்டு வெளிப்பட்டிருக்கும். கூத்தில் பாத்திரம் தன் வரவைத் தானே பாடிக்கொண்டு வருவதையும், தாயும் மகனும் பாட்டிலேயே வழக்காடுவதையும், பிற்பாட்டுக்காரர் அதே அடியை எடுத்துப் பாடுவதையும் கண்டு, இவர்கள் ஏன் பாடுகிறார்கள் என்று நம் ஊரில் எவரும் கேட்டதில்லை. அந்தச் சம்மதத்தை இங்கேயும் கொடுத்துப் பாருங்கள்.

மாயக் கதையும் பாட்டுப் படமும் ஒன்றாகிய ‘ஓஸ் மந்திரவாதி’யிலிருந்து தொடங்கலாம். பிராங்க் பௌமின் நாவல் 1900 இல் வந்தது, பெயர் பெற்ற படம் 1939 இல் வந்தது. சூறாவளிக்கு முன், வறண்ட கன்சாஸ் பண்ணையில், பெரியவர்கள் யாரும் தன் சொல்லைக் காதில் வாங்காத நேரத்தில், டொரத்தி என்ற சிறுமி வானவில்லுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டைப் பற்றிப் பாடுகிறாள். அந்தப் பாட்டு படத்தைத் தாமதப்படுத்துகிறது என்று தயாரிப்பு நிறுவனத்தார் முதலில் அதை வெட்டிவிடவே நினைத்தார்கள். வெட்டியிருந்தால், காற்றுத் தூக்கியதால் மட்டுமே அவள் அந்த நாட்டுக்குப் போனவளாவாள். பாட்டு இருப்பதால், காற்று வருவதற்கு முன்னரே அவள் மனம் அங்கே போய்விட்டது என்பதை நாம் அறிகிறோம்.

அடுத்து, கதவு திறக்கும் காட்சியைக் கவனியுங்கள். அதுவரை பழுப்பு நிறத்தில் இருந்த படம், டொரத்தி கதவைத் திறந்ததும் வண்ணமாகிறது. வீட்டின் உட்புறம் முழுவதையும் பழுப்பு வர்ணத்தால் பூசி, அதே நிற உடையணிந்த வேறொரு பெண்ணைக் கதவைத் திறக்கச் செய்து, வண்ணச் சுருளிலேயே அதைப் படமாக்கினார்கள். நாவலில் வெள்ளியாக இருந்த சப்பாத்துகள் படத்தில் மாணிக்கச் சிவப்பானதும் வண்ணத்தின் பொருட்டே. நாவலையும் வாசித்திருந்தால் இந்த மாற்றங்களைப் பிடிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு.

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்துக்கு மாயக் கதை நூல்கள் வாங்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?
– ஓர் ஆசிரியை, மல்லாவி

பதில்: டோல்கீனின் ‘ஹாபிட்’ (1937). 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘மோதிரங்களின் அதிபதி’யைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியராகிய உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில்தான் டோல்கீன் ‘ஹாபிட்’ கதையின் முதல் வாக்கியத்தை எழுதினார். அதிலுள்ள வரைபடத்தில் சில எழுத்துகளை, அவை எழுதப்பட்ட நாளின் அதே பருவத்து, அதே வடிவ நிலவொளியில் மட்டுமே வாசிக்க முடியும்; அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்துத் தங்கள் ஊரைக் கீறச் சொல்லுங்கள். முத்தையன்கட்டு, கனகராயன்குளம், நெடுங்கேணி, விசுவமடு என்று நம் ஊர்ப் பெயர்களே தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. எர்த்சீ நாவலின் மெய்ப்பெயர்கள் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். குளத்தையும் அணைக்கட்டையும், பாலைப்பழம் பொறுக்கும் காட்டையும், இரவில் யானை இறங்கும் வழியையும் பிள்ளைகள் தாங்களாகவே குறிப்பார்கள். அந்தத் தாள்களை நூல்களுக்குப் பக்கத்தில், நூலகச் சுவரில் ஒட்டிவையுங்கள்.