கோடின் கடைசி எண்ணைப் படியுங்கள்: பொக்லைன் சென்சார் கேள்வி - பதில்

கே: பர்கூர் அருகே கிரானைட் குவாரியில் எங்கள் 20 டன் பொக்லைன் ஓடுகிறது. டிஸ்பிளேயில் எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 என்று வருகிறது. ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் கோட் போகவில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். எஸ்பிஎன் 100 என்பது ஆயில் பிரஷர் சர்க்யூட் என்று இடத்தை மட்டும் காட்டுகிறது. என்ன கோளாறு என்பது எஃப்எம்ஐ எண்ணில் இருக்கிறது. 1 வந்தால் பிரஷர் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும். 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். இவை இரண்டும் கரண்ட் சம்பந்தப்பட்டவை. கம்மின்ஸ் இன்ஜினில் இதே மூன்றும் 415, 135, 141 என்ற எண்களில் வரும். உங்களுடையது 4. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

இந்த சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சாவியை ஆஃப் செய்து கப்ளரை (சென்சாரில் வயர் மாட்டும் இணைப்பு) கழற்றுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, வயரிங் பக்கக் கப்ளரில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் எத்தனை புது சென்சார் போட்டாலும் 4 தான் காட்டும். சப்ளை இல்லாத சென்சாரால் சிக்னல் கொடுக்க முடியாது. இரண்டு சென்சார் மாற்றியும் கோட் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

5 வோல்ட் சரியாக இருந்தால் கப்ளரை மாட்டி, சிக்னல் வயரைக் கப்ளரின் பின்பக்கம் வழியாக அளந்து பாருங்கள். நிறுத்திய இன்ஜினில் சுமார் 0.5 வோல்ட் இருக்கும். ஊசியால் வயரின் தோலைக் குத்தாதீர்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும்.

0.5 இல்லாமல் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், பேட்டரி ஐசோலேட்டரை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, சிக்னல் வயரின் இரு முனைகளையும் (சென்சார் பக்கம், இசிஎம் எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் பக்கம்) கழற்றுங்கள். வயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். மீட்டர் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஏதாவது ஓம்ஸ் வந்தால் வயர் எங்கோ பாடியில் தட்டுகிறது. ஹார்னஸை (வயர்க் கற்றையை) கிளாம்ப் கிளாம்பாக ஆட்டிக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். குவாரி வண்டியில் கிளாம்பின் ரப்பர் போய்விட்டால் இரும்பும் கல் தூளும் சேர்ந்து வயரை அரமாக அறுக்கும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட், இன்ஜின் பிளாக்கின் ஓரம் இரண்டையும் தவறாமல் பாருங்கள்.

அறுந்த இடத்தை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) அதிர்வில் நிற்காது. அதே தடிமனுள்ள வயர் வைத்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். புது ரப்பர் கிளாம்பும் கட்டாயம்.

கே: தர்மபுரியில் மே மாத வெயிலில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று லைவ் டேட்டாவில் காட்டுகிறது. சென்சார் போய்விட்டதா?

சர்க்யூட் எங்கோ ஓப்பன் ஆகியிருக்கிறது. சென்சாராகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். வெப்பம் சட்டென உச்சத்துக்கு ஏறினால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் வயரையும் பின்னையும் தேடுங்கள். பரவலாக வரும் இரண்டு வயர் சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், 80 டிகிரியில் 300 ஓம்ஸை ஒட்டி இருக்கும். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்து அளவே இறுதி.

கே: தேன்கனிக்கோட்டையில் பிரேக்கர் வேலை. அடிக்கும்போது மட்டும் ஆயில் பிரஷர், பூஸ்ட், ஃப்யூயல் ரெயில் என மூன்று கோட் ஒன்றாக வருகிறது. மூன்று சென்சாரும் வாங்க வேண்டுமா?

ஒன்றுகூட வாங்காதீர்கள். மூன்று சென்சார் ஒரே நேரத்தில் கெடுவது மிக அரிது. பல இன்ஜின்களில் சில சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன் பொதுவாகப் போகும். அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் படுத்துவிடும். வயரிங் படத்தில் எவையெவை ஒரே லைனில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டை அளந்தபடியே ஒருவர் ஹார்னஸை ஆட்டட்டும். வோல்டேஜ் விழும்போது, ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, கோளாறு அந்தச் சென்சாரில். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரில்.

கோட் எண்ணை அழிப்பதற்கு முன் அந்த எண், எத்தனை முறை வந்தது, எந்த மணி மீட்டரில் வந்தது மூன்றையும் ஆபரேட்டர் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், விட்டு விட்டு வரும் இந்த மாதிரிக் கோளாறில் அவருக்குப் பிடிமானமே இருக்காது.