பையனுக்குப் படத்தை விசாரிக்கத் தெரிகிறது, அதைப் படிக்கட்டும்

ஒரு தாயின் கடிதம். மகன் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறான். கணக்கு அவனுக்குப் பிடிக்கவில்லை. செய்தியில் ஒரு புகைப்படம் வந்துவிட்டால் போதும்: எங்கே நின்று எடுத்தார்கள், ஓரத்தில் யாரை வெட்டிவிட்டார்கள், இத்தனை படங்களில் இதை மட்டும் ஏன் போட்டார்கள் என்று விடாமல் பேசுகிறானாம். காட்சிப் பண்பாடு, அதாவது விஷுவல் கல்ச்சர், படிக்க ஆசைப்படுகிறான். சித்தப்பாவும் பெரியப்பாவும் கணினிப் பொறியியல்தான் என்று முடிவே செய்துவிட்டார்கள். "படம் பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கணக்கே பிடிக்காத பிள்ளையைக் கடன் வாங்கிப் பொறியியல் வகுப்பில் உட்காரவைக்கப் போகிறீர்கள். அவன் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. அந்தத் தவணையைக் கட்டப் போவது உறவினர்கள் இல்லை, நீங்கள்தான். பொறியியல் நல்ல படிப்பு, அதை விரும்புகிறவர்களுக்கு. அதைப் பற்றி வீட்டில் நிறையப் பேசியாகிவிட்டது. யாருமே விசாரிக்காத படிப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காட்சிப் பண்பாடும் விஸ்காமும் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஒன்றல்ல. விஸ்காமில் படம் எடுக்கவும் வடிவமைக்கவும் கற்றுத்தருவார்கள். காட்சிப் பண்பாட்டில் படத்தை விசாரிக்கக் கற்றுத்தருவார்கள். யார் எடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள், சட்டகத்துக்கு வெளியே என்ன விடப்பட்டது, கீழே எழுதிய ஒரு வரி நம் பார்வையை எந்தப் பக்கம் தள்ளுகிறது? ஓவியம், விளம்பரம், வரைபடம், எக்ஸ்ரே, கண்காணிப்பு கேமரா, கைப்பேசித் திரை எல்லாமே இங்கே பாடம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1855இல் கிரிமியப் போரின்போது ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஒரு பள்ளத்தாக்குச் சாலையை ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை எடுத்தார். ஒரு படத்தில் சாலை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள். இன்னொன்றில் சாலை காலி, குண்டுகள் ஓரப் பள்ளத்தில் கிடக்கின்றன. எது முதலில் எடுத்தது? காலிச் சாலை முதல் படம் என்றால், யாரோ குண்டுகளைப் பிறகு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். 2007இல் திரைப்பட இயக்குநர் எரல் மோரிஸ் இதை ஆராய்ந்தார். விடை கிடைத்தது குண்டுகளில் இல்லை, சரிவில் கிடந்த சின்னக் கற்களில். சாலையில் குண்டுகள் உள்ள படத்தில் அந்தக் கற்கள் கொஞ்சம் கீழே உருண்டிருந்தன. கற்கள் தானாக மேலே ஏறாது, ஆகவே காலிச் சாலைதான் முதல் படம். ஆனால் குண்டுகளைப் போட்டது யார், எதற்காக? அதை அந்தக் கற்கள் சொல்லாது. படம் காட்டுவது எது, நாமாக ஊகிப்பது எது என்று பிரித்துப் பார்க்கிற இந்தப் பயிற்சிதான் இந்தப் படிப்பின் உயிர். உங்கள் மகன் இதை யாரும் சொல்லித்தராமலே தொடங்கிவிட்டான்.

சரி, வேலை? செய்தி நிறுவனங்களில் படங்களைச் சரிபார்க்கும் பிரிவுகள் இருக்கின்றன. நிழல் விழும் திசை, கடைப் பலகை, மலையின் விளிம்பு இவற்றை வைத்து ஒரு படம் எங்கே, எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் யார் வேண்டுமானாலும் போலிப் படம் செய்யலாம் என்றான பிறகு இந்தக் கண்ணுக்குத் தேவை அதிகம். அப்புறம் அருங்காட்சியகம், படக் காப்பகம், விளம்பர ஆய்வு, பார்வையற்றவர்களுக்காகப் படத்தைச் சொற்களில் விவரித்து எழுதும் வேலை. ஒன்றை மறைக்க மாட்டேன்: இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் பெரும்பாலும் குறைவு. அதனால் கூடவே வேறொரு திறன் கட்டாயம் வேண்டும். தரவுத்தளம், இன்னொரு மொழி, சட்டம், எதுவானாலும் சரி. அது இல்லாமல் இந்தப் படிப்புக்கு அனுப்பாதீர்கள்.

செலவில் நான் கறார். பளபளக்கும் கட்டிடத்தையும் விலை உயர்ந்த கேமராவையும் காட்டிப் பெரும் கட்டணம் கேட்கும் இடம் வேண்டவே வேண்டாம். இந்தப் படிப்புக்குத் தேவை நல்ல நூலகமும், எழுதியதைத் திருத்தித்தரும் ஆசிரியரும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000க்கும் அதிகமான படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. இதே பெயரில் துறை இல்லையென்றால் கலை வரலாறு, ஊடகவியல், மானுடவியல் துறைகளின் பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள். பல இடங்களில் இது அவற்றுக்குள் ஒரு தாளாக இருக்கும். அடமானம் வைத்துத்தான் சேர்க்க முடியும் என்றால், கட்டணம் குறைந்த கல்லூரியில் அப்படி ஒரு துறையில் இளங்கலை முடிக்கட்டும், முதுகலைக்கு இதை எடுக்கட்டும்.

சேர்க்கைக்கு முன் ஒன்று செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த ஒரு புகைப்படத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவன் பேசுவான் என்பது தெரிந்ததுதான். உட்கார்ந்து எழுதுவானா, எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதுவானா என்று பாருங்கள். எழுதினால் விண்ணப்பம் போடுங்கள். உறவினர்களுக்கான பதிலையும் அவனையே சொல்லவிடுங்கள்.