பத்துப் பேர் பிழைத்தார்கள், சரி

கேள்வி: பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் வைத்தியர் பச்சிலை கொடுத்தே பத்துப் பேரைக் காப்பாற்றியிருக்கிறார். என் கண்ணால் பார்த்தது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரைக் கடித்தது எந்தப் பாம்பு? சாரைக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் விஷமே கிடையாது. நல்ல பாம்புகூடச் சில நேரம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போய்விடும். அப்படிக் கடிபட்டவர் பச்சிலை தின்றாலும் பிழைப்பார், வெறும் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பார். பெயர் மட்டும் பச்சிலைக்குப் போகிறது.

அப்புறம், அந்த வைத்தியரிடம் போயும் இறந்தவர்கள் எத்தனை பேர்? யாராவது எண்ணினீர்களா? பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்லுவார். இறந்தவர் வீட்டில் 'விதி முடிந்தது' என்று அழுதுவிட்டு அடங்கிவிடுவார்கள். உங்கள் கணக்கில் பாதிதான் இருக்கிறது.

எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியனை நினைத்துத்தான். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது, சில சமயம் கடிவாயே தெரியாது. பச்சிலையைத் தின்றுவிட்டு 'ஒன்றுமில்லை' என்று படுத்துவிடுவார். சில மணி நேரத்தில் கண் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சே நின்றுபோகும். நிம்மதியாகத் தூங்கிய அந்த மணி நேரங்களில்தான் அவரைக் காப்பாற்றியிருக்க முடியும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். அவர்கள் ஊரிலும் யாரோ ஒருவர் பத்துப் பேர் பிழைத்ததைப் பார்த்திருப்பார்.

பாம்பை இருளர் பழங்குடியினரைவிட நெருங்கி அறிந்தவர் நம்மிடையே இல்லை. 1978-இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.

கடிவாயைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் கூட்டிப் போனால் போதும். உங்கள் வைத்தியர் நல்லவர் என்றே நம்புகிறேன். அவரிடம் நீங்களே பேசுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார். அடுத்த முறை யாராவது வந்தால், முதலில் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.