சீன நகரங்களில் பழைய தெருக்களை நவீன வளாகங்களாக மாற்றுகிறார்களே, அது அங்கே வாழும் மக்களுக்கா, வியாபாரத்துக்கா?

பெரும்பாலும் வியாபாரத்துக்குத்தான். விதிவிலக்குகளும் உண்டு.

நான் கட்டட வரைபடம் போடுகிற ஆள். ஒரு வளாகத்தின் வரைபடம் கைக்கு வந்தால் முதலில் தேடுவது, காசு கொடுக்காமல் எங்கே உட்காரலாம் என்பதைத்தான்.

ஷாங்காய் நகரின் சின்தியாண்டி வளாகத்தில் அந்த இடம் குறைவு. பழைய வீடுகளை மாற்றி 2001-இல் திறந்தார்கள். சாம்பல் நிறச் செங்கல் சுவர், வாசலுக்குக் கல் நிலை, கறுப்பு மரக்கதவு, உள்ளே சின்ன முற்றம் என்று இருந்த ஷிகுமென் வீடுகள் அவை. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் பிற்பாடு பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் வுட் சுவரையும் கூரை ஓடுகளையும் முடிந்தவரை காப்பாற்றி, உள்ளே உணவகங்களும் கடைகளும் வைத்தார். பார்க்க அழகு, மறுக்கமாட்டேன். ஆனால் குடித்தனக்காரர்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் நிலச் சட்டம். நகர நிலம் முழுக்க அரசுடையது. விற்பது பயன்படுத்தும் உரிமையை மட்டும்: குடியிருப்புக்கு 70 ஆண்டு, வணிகத்துக்கு 40. அந்த உரிமையை விற்ற பணம் உள்ளாட்சிகளுக்குப் பெரிய வரும்படி. ஆள் இல்லாத மனைக்குத்தானே நல்ல விலை கிடைக்கும்!

விதிவிலக்கு என்றேனே, அது செங்டு நகரின் வெஸ்ட் வில்லேஜ் வளாகம். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2025-இல் வாங்கிய லியூ ஜியாகுன் வடிவமைத்தது, 2015-இல் முடிந்தது. பழசு மாதிரி ஜோடனை எதுவும் இல்லாத புதுக் கட்டடம். மனையின் ஓரங்களை ஒட்டி ஐந்து மாடி. நடுவில் பெரிய திறந்த வெளி, விளையாட்டுத் திடல், மூங்கில் தோப்பு. கடைகளும் அலுவலகங்களும் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ள, சாய்வு நடைபாதை ஒன்று கூரைவரை ஏறுகிறது. அதில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். பூச்சு இல்லாத கான்கிரீட். 2008 சிச்சுவான் நிலநடுக்க இடிபாடுகளை அரைத்து, கோதுமை வைக்கோலும் சிமெண்டும் சேர்த்து லியூ செய்த செங்கல்லும் இங்கே இருக்கிறது. மூங்கில் நாற்காலியில் சாய்ந்து, மூடி போட்ட கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு அரைநாள் மாஜோங் என்கிற சீனக் கட்டை விளையாட்டு ஆடுகிற ஊர் செங்டு. அந்த ஊர்க்காரருக்கு இது பொருந்தும்.

அரசும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில் வீட்டுவசதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. புதுப்பிக்கும் பகுதியில் இருக்கும் கட்டடப் பரப்பில் 20%-க்கு மேல் இடிக்கக்கூடாது, வெளியேற்றப்படுகிறவர்களில் பாதிப் பேருக்காவது அங்கேயோ பக்கத்திலோ வீடு தர வேண்டும், வீட்டு வாடகை ஆண்டுக்கு 5%-க்கு மேல் ஏறக்கூடாது. கட்டடக் கலைப் பரிசுகளைவிட அந்த வாடகை விதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கதவையும் செங்கல்லையும் காப்பாற்ற ஒரு நல்ல பொறியாளர் போதும். வாடகை எகிறினால் மளிகைக் கடைக்காரரும் சைக்கிள் பழுது பார்ப்பவரும் தானாகவே காலி செய்துவிடுவார்கள். இதில் ஒரு ஓட்டை, அந்த வரம்பு வீட்டு வாடகைக்கு மட்டும்தான், கடை வாடகைக்கு இல்லை.